தந்தி அண்ணனின் விரல்கள்

எங்கள் அலுவலகத்தில் தந்தி அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று இரண்டு மூன்று முறை நோட்டைத் திறந்து மூடியிருக்கிறேன். அவர் பேசியதை எழுதலாம் என்றால் அவர் பேசுவதே இல்லை. அவருடைய விரல்களைப் பற்றித்தான் எழுதவேண்டும். அதுவும் அந்த மூன்று நாட்களைப் பற்றி. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை சுற்றும். இருந்தாலும் ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டுத் தொடங்குகிறேன்.

எங்களுடையது பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். கீழே செருப்புக் கடை, மாடியில் நாங்கள். படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர், "எட்டாம் நம்பர் சைஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்று கவுண்டர்கள். அதற்கும் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அச்சு எந்திரமும் உறைகளும் பசை டப்பாவும் அங்கே இருக்கும். காலையில் திறந்து பெருக்கித் துடைப்பது, டீ போடுவது, அச்சாகி வரும் சீட்டுகளை மடித்து உறையில் போடுவது, இவ்வளவும் என் வேலை. கம்ப்யூட்டர்களையும் நான்தான் துடைப்பேன்.

முதல் கவுண்டர் தந்தி அண்ணனுடையது. இரண்டாவதில் ரேடியோக்கா. மூன்றாவதில் முதலாளியம்மாவே உட்காருவார். ரேடியோக்காவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தந்தி அண்ணனுக்கு அந்தப் பெயர் வைத்ததும் அவர்தான். வாடிக்கையாளர் கால் மணி நேரம் தன் கதையைச் சொல்லி முடித்ததும் அண்ணன், "என்னைக்கு? எத்தனை பேர்? ஜன்னலா?" என்று மூன்றே கேள்வி கேட்பார். பதில் வருவதற்குள் விரல்கள் ஓடி முடித்திருக்கும். "ஆச்சு" என்பார். அவருடைய மனைவி, தையல் வேலை செய்கிறவர், ஒருமுறை வந்தபோது என்னிடம் சொன்னார்: "கல்யாணமான புதுசுல, பாவம் மனுஷனுக்குப் பேச்சு வராது போலிருக்குன்னு நினைச்சு நானும் ஜாடையிலேயே பேசிட்டிருந்தேன்மா. ஒரு வாரம் கழிச்சுத்தான் உப்பு கேட்டாரு."

அண்ணன் முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒன்பது வருடம் ஓடும் வண்டியில் நின்றபடி, பார்க்காமலே சீட்டுக் கிழித்த விரல்கள் அவை. முழங்கால் போனபிறகு இங்கே வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரையும் அப்படியே, பார்க்காமலே கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. கண் திரையில் இருக்கும், கை தன்பாட்டுக்குக் கீழே போய்வரும். பதினான்கு வருடம்.

அவருடைய வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு இருக்கையைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒரு நீள வரியைத் தட்டவேண்டும். அண்ணன் அந்த வரி முழுவதையும் ஒரே பட்டனுக்குள் அடக்கி வைத்திருந்தார். ஓரத்தில் இருக்கும் கண்ட்ரோல் பட்டனை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு எழுத்தைத் தொட்டால் போதும், வரி தானே ஓடிவிடும். மறுநாளுக்குப் பார்க்க ஒரு எழுத்து, இடத்தைப் பிடிக்க ஒரு எழுத்து, வேண்டாமென்றால் விட்டுவிட ஒரு எழுத்து, இப்படி இருபதோ என்னவோ. இதற்கு ஷார்ட்கட் என்று பெயர். குறுக்கு வழி என்று ரேடியோக்கா விளக்கியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. குறுக்கு வழியில் போகாதே என்றுதானே தினமும் வேண்டிக்கொள்கிறோம்? இவ்வளவு நல்ல மனுஷர் குறுக்கு வழியில் போகிறாரே என்று கொஞ்ச நாள் அவருக்காகவும் சேர்த்துப் பிரார்த்தித்தேன்.

அந்த வருடம் புது சாஃப்ட்வேர் வந்தது. பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் தன் கீபோர்டை மட்டும் விடவில்லை. "இது இருக்கட்டும்" என்று கையை மேலே வைத்துக்கொண்டார். எழுத்துகள் பாதி தேய்ந்த, பழுப்பேறிய கீபோர்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு ரேடியோக்கா அதில் ஒருநாள் வேலை செய்துவிட்டு, "நான் ஒண்ணு தட்டுனா அது ஒண்ணு போடுது. இதுல பேய் இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டார். "நீ பேசுற வேகத்துல அதுவே குழம்பியிருக்கும்" என்று முதலாளியம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

புது சாஃப்ட்வேரில் அண்ணனுடைய ஷார்ட்கட் ஒன்றுகூட இல்லை. பழைய எந்திரத்தோடு போய்விட்டன. செவ்வாய்க்கிழமை சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"எந்தெந்த எழுத்துக்கு என்னென்ன வச்சிருந்தீங்கன்னு சொல்லுங்க சார். அப்படியே போட்டுக் குடுத்துடறேன்."

அண்ணன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார்.

"இடத்தைப் பிடிச்சு வைக்க எந்த எழுத்து சார்?"

அண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். அவை அசையாமல் கிடந்தன. "தெரியல" என்றார்.

"தெரியலையா? பதினாலு வருஷமா அழுத்தியிருக்கீங்களே!"

"கேட்டா தெரியல."

நான் டீ வைக்க வந்தவள், தேவையில்லாமல் வாயைக் கொடுத்தேன். "யாராவது எதிர்ல உட்கார்ந்து டிக்கெட் கேட்டா அண்ணன் கை தானாப் போகும்மா."

அந்தப் பெண்ணுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்ப நீங்களே கேளுங்கக்கா. நான் சார் விரலைப் பார்த்து எழுதிக்கிறேன்."

இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் நாற்காலியைத் துடைத்திருக்கிறேனே தவிர அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் எங்கே போவது என்று தெரியவில்லை.

"சீக்கிரம் சொல்லு, வண்டி போயிடும்" என்றார் ரேடியோக்கா.

"கடல் இருக்குற ஊரு" என்றேன்.

"என்னைக்கு?" என்றார் அண்ணன். குரல் வேலை நேரக் குரலாக மாறிவிட்டது.

"வெள்ளிக்கிழமை. இல்ல, வேணாம், சனிக்கிழமை."

விரல் ஓடியது. "எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்."

"அடிப்பாவி, வீட்டுக்காரரை விட்டுட்டா?" என்றார் ரேடியோக்கா.

"திரும்ப?"

"திரும்பாம நான் எங்கண்ணே போவேன்?"

இப்படி இடத்தைப் பிடிக்கச் சொன்னேன், வேண்டாமென்று விடச் சொன்னேன், ஜன்னலோரம் கேட்டேன், நாள் மாற்றினேன். அந்தப் பெண் குனிந்து, விரல் இறங்கும் பட்டனில் இருந்த எழுத்தைப் படித்துப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தன் லேப்டாப்பிலிருந்தே மூன்று கவுண்டருக்கும் பட்டியலை ஏற்றினார். அந்த லேப்டாப்பிலேயே ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரி. பட்டியலை அச்செடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பிப் போனார்.

புதன்கிழமை முதல் ஆளாக மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகளுக்குப் பிரசவம். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டும். முதல்நாளே ரேடியோக்கா பிடித்து வைத்திருந்தார். அண்ணன் அதை இன்னும் ஒருநாளைக்கு நீட்டிப் பிடித்து வைத்தால் போதும். திரை ஏதோ கேட்டது. அண்ணனின் சுண்டுவிரல் வழக்கப்படி அதற்கு ஆமாம் தட்டியது.

"ஆச்சு" என்றவர், திரையை நோக்கிக் குனிந்தார்.

இரண்டு இருக்கையும் போய்விட்டன. பிடித்து வைப்பதற்குப் பதில் விட்டுவிட்டிருந்தது. பதறி மறுபடி தேடுவதற்குள் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன சார், என்ன ஆச்சு?" என்று அந்த அம்மா எழுந்து நின்றார்.

முதலாளியம்மா ஓடிவந்து, மறுநாள் காலைக்குள் எப்படியாவது ஏற்பாடு செய்கிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

அதன்பிறகு நடந்தது எனக்குப் பெரிய குழப்பம். மற்ற பட்டன்கள் எல்லாம் சரியாக இருந்தன. இந்த இரண்டு மட்டும் தலைகீழ். பிடி என்றால் விட்டது, விடு என்றால் பிடித்தது. சரி, விரல் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பதினான்கு வருடத்தில் முதல்முறையாகக் குனிந்து, எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஒற்றை விரலால் அழுத்தினார். அப்போதும் தலைகீழாகத்தான் வந்தது. அதே பட்டியலை வைத்து ரேடியோக்கா தன் கவுண்டரில் அழுத்தினார். சரியாக வந்தது. முதலாளியம்மா அழுத்தினார். சரி. சாஃப்ட்வேர்காரப் பெண் போனில், "இங்கயும் சரியா இருக்கே சார்? நிதானமா அழுத்துங்க" என்றார்.

"நிதானமாத்தான்" என்றார் அண்ணன்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் தடுப்பு கண்ணாடிதானே, எனக்குக் கேட்டது. "எல்லாருக்கும் சரியா வருது, உங்களுக்கு மட்டும் வரல. தப்பா நினைக்காதீங்க. நாளையிலேர்ந்து பின்னாடி ரூம்ல இருங்க. சீட்டு மடிக்கிறது, உறை ஒட்டுறது அந்த மாதிரி. கவுண்டரை நான் பார்த்துக்கிறேன்."

அண்ணன் "சரி" என்றார்.

சாயங்காலம் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து நின்றார். தானாக வந்து பேசுகிறவர் இல்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, தங்கச்சி" என்றார். "வலது பக்கம் போறேன்னு இடது பக்கம் போவாரு. கடைசில வீட்டுக் கதவே தெரியல."

நான் இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து கேட்ட மிக நீளமான பேச்சு அது. "ஆண்டவன் இருக்கான்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். தன் விரல்களை யாரோ ஒருவருடையதைப் போலத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை அவருடைய கீபோர்டை நான் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆங்கில எழுத்துகளுக்கு எனக்கென்று சில பெயர்கள் உண்டு. கீழ் வரிசையில் இரண்டு மேடு வைத்த ஒன்று, அதை இரட்டை மலை என்பேன். அதன் பக்கத்தில் சாய்கோடு இறங்குகிற ஒன்று, அது சறுக்குமரம். அண்ணனுடையதில் முதலில் இரட்டை மலை, அடுத்தது சறுக்குமரம். துடைத்துவிட்டு ரேடியோக்காவின் கவுண்டருக்கு நகர்ந்தேன். அங்கே முதலில் சறுக்குமரம், அடுத்தது இரட்டை மலை.

கை நின்றுவிட்டது. திரும்பப் போய்ப் பார்த்தேன். முதலாளியம்மாவின் கீபோர்டைப் பார்த்தேன். அங்கேயும் சறுக்குமரம்தான் முதலில். மூன்றுக்கும் நடுவே துணியோடு நாலு தடவை நடந்தேன். எது சரி, எது தப்பு? இரண்டுக்கு ஒன்று என்றால் அண்ணனுடையதுதான் தப்பு. யார் மாற்றியிருப்பார்கள்?

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான்தான்.

மூன்று வருடம் முன்பு, யாரும் வருவதற்குள் அண்ணனின் கீபோர்டில் நான் ஒரு டம்ளர் டீயைக் கொட்டிவிட்டேன். வேலை போய்விடும் என்று பயம். ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுத்துகளைப் படம்போல வரைந்துகொண்டு, கொண்டை ஊசியால் பட்டன்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, துண்டில் துடைத்துத் திரும்பச் சொருகினேன். அந்த உறையின் கீழ் மூலையிலும் டீ ஊறியிருந்தது. கீழ் வரிசைக்கு மட்டும் நினைவை நம்பினேன். யாருக்கும் தெரியாமல் காப்பாற்று என்று வேண்டினேன். ஆண்டவன் காப்பாற்றினான். அண்ணன்தான் பட்டனைப் பார்ப்பதே இல்லையே! மூன்று வருடமாக அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தார். தன் நாற்காலித் திண்டையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் இல்லாத அறைக்கு நடந்தார். பின்னாலேயே முதலாளியம்மாவும் ரேடியோக்காவும் வந்துவிட்டார்கள்.

"அம்மா, அவரைப் போகச் சொல்லாதீங்க. தப்பு என்னுது" என்றேன்.

"உன்னுதா? நீ எங்க டிக்கெட் போட்டே?"

"டீ கொட்டிட்டேம்மா."

"கொட்டுனா துடை. அதுக்கு ஏன் அழறே?"

"இன்னைக்கு இல்லம்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடி."

முதலாளியம்மா ரேடியோக்காவைப் பார்த்தார். ரேடியோக்கா நெற்றியைத் தொட்டுப் பார்க்க என்னிடம் வந்தார். நான் அவர் கையைப் பிடித்து அண்ணனின் கீபோர்டுக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். கொண்டை ஊசி, உறை, சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன்.

ரேடியோக்கா குனிந்து பார்த்துவிட்டு, "மேடம்! அன்னைக்கே நான் சொன்னேன் பேய் இருக்குன்னு! இவதான் அந்தப் பேய்!" என்று கத்தினார்.

உடனே என் கொண்டை ஊசியை வாங்கி இரண்டு பட்டனையும் நெம்பி எடுத்து முதலாளியம்மா மாற்றிப் போட்டார். அண்ணனைக் கூட்டிவந்து உட்கார வைத்தோம். "இப்ப அழுத்துங்க" என்றார்.

அண்ணன் இடத்தைப் பிடித்தார். விட்டுவிட்டது.

முதலாளியம்மா கையை விரித்தார். "சரியாப் போட்டும் தப்பாத்தான் வருதா? அப்ப நிஜமாவே…" என்று நிறுத்தினார்.

அண்ணன் மட்டும் திரையைப் பார்க்காமல் அந்த இரண்டு பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அவர் பல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"பட்டனை மாத்துனா பட்டன் சரியாயிடும். என் விரல் எழுத்தைப் பார்த்தா போகுது? அது எடத்துக்குப் போகுது. அந்தப் பொண்ணு எடத்தை எழுதல, மேல இருந்த எழுத்தை எழுதிட்டுப் போயிடுச்சு. லிஸ்ட்டை மாத்தச் சொல்லுங்க. விரல் சரியாத்தான் இருக்கு."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். ரேடியோக்கா வாய்பிளந்து நின்றார். முதலாளியம்மா போன் போட்டார். சாஃப்ட்வேர்காரப் பெண் ஐந்து நிமிடம் ஐயோ ஐயோ என்றுவிட்டு, முதல் கவுண்டருக்கு மட்டும் அந்த இரண்டு எழுத்தையும் பட்டியலில் மாற்றிப்போட்டார். "ஏதாவது ஒண்ணு போட்டுப் பாருங்க சார்" என்றார்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விரல்கள் ஓடின. திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. இடம் பிடித்தாயிற்று.

பத்தரை மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். முதலாளியம்மா முதல் கவுண்டரைக் கைகாட்டினார். பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கவில்லை. ஒரே பெட்டியில், மூன்று வரிசை தள்ளிக் கிடைத்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு, நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றார் கடைக்காரர்.

"குறட்டை கேட்காம நானும் தூங்குவேன்" என்றார் அந்த அம்மா. "போடுங்க சார்."

"ஆச்சு" என்றார் அண்ணன்.

எனக்கு வேலை போகவில்லை. "இனிமே என் கீபோர்டுகிட்ட டீயைக் கொண்டு வராதே, ஊசியையும் கொண்டு வராதே" என்றார் முதலாளியம்மா. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் டம்ளரை மேஜையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இங்க" என்றார். அன்றுமுதல் அங்கேதான் வைக்கிறேன். பட்டன் தப்பாக இருந்தபோது அவர் எப்படிச் சரியாக இருந்தார், பட்டன் சரியானதும் ஏன் தப்பு வந்தது என்று ரேடியோக்கா மூன்று தடவை தாளில் வரைந்து விளக்கினார். தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் முகம் கழுவப் போயிருந்தபோது அவர் மேஜையைத் துடைத்தேன். திரையின் ஓரத்தில் காலையில் வந்த பச்சை வரி இன்னும் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் என் பெயரின் முதல் எழுத்து எனக்குத் தெரியும். ரேடியோக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சனிக்கிழமை, கடல் ஊரு, ஜன்னலோரம். காலையில பிடிச்சதை விட்டுடாம அப்படியே வச்சிருக்காரு மனுஷன். இன்னைக்கு வரைக்கும்தான் பிடிச்சிருக்காரு, ஆறு மணிக்குள்ள பணம் கட்டலன்னா அதுவா போயிடும்" என்றார்.

"ரெண்டு இருக்கேக்கா?"

"போக ஒண்ணு, வர ஒண்ணு."

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு, அந்த வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.